நேர்ச்சை மீனின் நீளம்

ஆவுடைத்தங்கத்தின் மகனுக்கு அரசாங்க வேலைக்கான உத்தரவு தபாலில் வந்த காலையில், அவள் வீட்டுப் படித்துறையில் மூன்று வருஷமாக ஒரு முழ நீளத்துக்கு வளர்ந்து கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்த கறுப்பு மீன், துணி துவைத்துக்கொண்டிருந்த நாலு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழத்திலிருந்து சாணாகி, சாணிலிருந்து விரலாகி, விரலிலிருந்து புளியங்கொட்டை அளவாகி, கடையில் வாங்கி வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஆகி நின்றது. பெண்கள் துவைப்பதை நிறுத்தவில்லை. "வேல கெடச்சிட்டு போலுக்கு" என்றாள் ஒருத்தி. "லட்டு வாங்காம விடக்கூடாது" என்றாள் இன்னொருத்தி. தபால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

மேலமதகூருக்கு மேற்கே மலை, கிழக்கே வயல், நடுவில் மேட்டுக்கரை கட்டி ஓடுகிற ஊசிக்கால் ஓடை. ஓடைக்கு ஏழு படித்துறை, ஒவ்வொரு துறையும் நாலைந்து வீட்டுக்குச் சொந்தம். மனதில் ஒன்று வேண்டும் என்று இருந்தால் அந்த ஊரில் பால்குடம் எடுப்பதில்லை, முடி இறக்குவதில்லை. ஓடைக்கரை இசக்கியம்மனைக் கும்பிட்டுவிட்டு, என்ன வேண்டும் என்பதை ஒரு ஆளிடமும் வாய்விட்டுச் சொல்லாமல், தன் துறையில் ஒரு மீன்குஞ்சை விட வேண்டும். சொன்னால் பலிக்காது. விட்ட குஞ்சு நாற்பத்தெட்டு நாளைக்குள் செத்து மிதந்தாலும் பலிக்காது. நேர்ச்சை மீனைப் பிடிக்கக் கூடாது, கொல்லக் கூடாது, அது இன்னொருத்தர் நினைப்பைக் கொல்வது. காலங்காலமாகக் கெண்டைக்குஞ்சுதான் விட்டார்கள். அது பூஞ்சை உடம்பு. பாதி செத்துவிடும், மீதி ஓட்டத்தோடு கீழே போய்விடும், போனது என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் தொடர்ந்து மழை பொய்த்துக் கெண்டைக்குஞ்சே அகப்படாமல் போனபோது, மேலமதகூர்க்காரர்கள் டவுனுக்குப் போய், கண்ணாடித் தொட்டி மீன் விற்கிற கடையில், "சாகாத மீனா ஒண்ணு குடுங்க" என்று கேட்டார்கள்.

கடைக்காரர், கண்ணாடியில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்த, உடம்பெல்லாம் தகடு தகடாகச் செதில் அடித்த ஒரு கறுப்புக் குஞ்சைக் காட்டினார். "இது தொட்டியத் தொடைக்கிற மீனு. தண்ணி இல்லாட்டியும் அரைநாள் கெடக்கும். நாம செத்தாலும் இது சாவாது" என்றார். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் அந்தப் பேச்சிலேயே பயந்திருப்பார்கள். மேலமதகூர்க்காரர்களுக்கோ, நேர்ச்சை விடுவதற்கென்றே ஆண்டவன் செய்த மீன் இதுதான் என்று பட்டது. கடல் தாண்டி எந்த தேசத்து ஆற்றில் பிறந்த இனமோ, பாலிதீன் பையில் மூச்சுவிட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி ஊசிக்கால் ஓடைக்கு வந்து சேர்ந்தது.

அது கெண்டையைப் போல ஓட்டத்தோடு போகவில்லை. விட்ட துறையிலேயே, விட்ட கல்லிலேயே வாயை ஒட்டிக்கொண்டு கிடந்தது. கிடந்ததால்தான் அது வளர்வதும் வளராததும் எல்லார் கண்ணிலும் பட்டது. ஒரே நாளில் ஒரே பையிலிருந்து விட்ட குஞ்சுகளில், மூன்றாம் துறையில் ஒன்று வாழைப்பூ அளவு ஆனது, நாலாம் துறையில் ஒன்று வெண்டைக்காய் அளவோடு நின்றது. எது யாருக்கு எவ்வளவு வேண்டியிருந்ததோ அவ்வளவுக்கு மீன் வளர்ந்தது. கேட்டது கிடைத்தாலோ, கேட்டவர் மறந்தாலோ, மீன் குஞ்சாகிவிட்டது. இதைக் கண்டுபிடித்தது யார் என்று ஊரில் கேட்டால், கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, மழை வந்தால் மண் நனைகிற மாதிரிதானே என்று சொல்வார்கள்.

மீன் கல்லூரியிலிருந்து ஜெபராணி என்கிற ஆராய்ச்சி மாணவி வந்தது இதற்குப் பிறகுதான். அயல்நாட்டு மீன்குஞ்சுகள் ஓடையில் எப்படி வளர்கின்றன, வெயில், நிழல், நீரோட்டம், பாசி, இவற்றில் எது அவற்றைப் பெரிதாக்குகிறது என்று எழுதுவது அவள் படிப்பு. வாராவாரம் செவ்வாய்க்கிழமை அளந்து நோட்டில் குறிக்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டும் என்றாள். ஊரில் தையல் வேலை பார்த்து, டேப்பும் கையுமாக இருந்த சுடலைவடிவைக் காட்டினார்கள். வடிவுக்கு ஐம்பது வயது. ஜெபராணிக்கு இருபத்தாறு. ஆனாலும் படித்த பெண் என்பதால் வடிவு அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள்.

முதல் மாதத்திலேயே ஜெபராணி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, ரெண்டு தொறைலயும் வெயில் ஒண்ணுதான், சூடு ஒண்ணுதான், பாசி ஒண்ணுதான். இது மூணு சென்டிமீட்டர், அது முப்பது. அப்படி என்னத்தத் திங்குது அது?"

"திங்கதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். அது பொன்னுமாடத்தி மைனி தொற. அவிய மவளுக்கு வரன் அமையல. மைனிக்கு ரெண்டு வருசமா ஒறக்கம் கெடையாது. அதான் பெருசாயிருக்கு."

ஜெபராணி ஸ்கேலை வைத்து, வெயில், நிழல், ஓட்டம், பாசி என்று இருந்த கட்டங்களுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் புதிதாகப் போட்டாள். அதற்கு என்ன தலைப்பு எழுதுவதென்று தெரியாமல் வெறுமே விட்டாள். அன்றிலிருந்து அவள் எந்தத் துறையிலும் கால் கழுவுவதில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்த்தான் கழுவுவாள். அவளுக்கும் ஏதோ இருந்திருக்க வேண்டும், வடிவு கேட்கவில்லை.

ஊர் இந்த மீன்களோடு வாழப் பழகிக்கொண்டது. பெண் பார்க்க வருகிற தரகர்கள், வீட்டுக்குள் நுழையும் முன் துறைக்கு இறங்கி மீனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரொம்பத் தேவையில இருக்காவ" என்று மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார்கள். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் துறையோரம் தாழை நட்டு மீனை மறைத்தார்கள். பலசரக்குக் கடைக்காரர் முதுகுவலிக்காக விட்டிருப்பார் என்று எல்லாரும் நினைத்த மீன் ஒன்றரை முழம் வளர்ந்துவிட, "முதுகு வலிக்கு இம்புட்டு நீளமா? நெசமா என்னத்த நெனச்சி விட்டீரு?" என்று அவர் பெண்டாட்டி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. வண்ணமுத்து என்பவன், படுத்த படுக்கையாகக் கிடந்த பெண்டாட்டிக்காக விட்ட மீன் சுண்டுவிரல் அளவுக்கு மேல் வளரவே இல்லை. இவனெல்லாம் ஒரு மனுசனா என்று துறைக்குத் துறை பேச்சாகி, அது படுக்கைவரை போய், அவள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டாள். "நீ எந்திரிச்சிருவேன்னு எனக்குத் தெரியும். பெறவு என்ன ஆசப்பட?" என்றான் அவன். அவள் சிரித்தாள், சிரித்தது நெஞ்சுவரை போய் இருமினாள், அடுத்த மாதம் எழுந்து வந்து அதே துறையில் துணி துவைத்தாள்.

பிறத்தியார் துறையில் முறைத்துப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எல்லாத் துறையிலும் முறைத்துப் பார்ப்பதே வேலையாகக் கொண்டவள் வடிவு ஒருத்திதான். சின்னவற்றைப் பலகையில் கிடத்தி அளப்பாள், பெரியவற்றின் பக்கத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றை நீட்டி அளப்பாள். சாயங்காலம் ஆளுக்கு ஆள் வந்து, "எங்களது எவ்வளவு இருக்கு மைனி?" என்று கேட்பார்கள். குறைந்திருந்தால் சிலருக்கு நிம்மதி, சிலருக்கு அவமானம். ஊரில் அவளிடம் ஒரு தடவைகூட அப்படிக் கேட்காதவர் ஒருவர் உண்டு, அவள் புருஷன் தளவாய்.

தளவாய் ஓடையின் மதகைத் திறந்து அடைக்கிற நீர்ப்பாய்ச்சி. எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணீர், கரை எங்கே கசிகிறது, எல்லாம் அவர் காலுக்குத் தெரியும். பேச்சு குறைவு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகள் சுகந்தி, திருப்பூரில் கூட வேலை பார்த்தவனைத் தானே கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றபோது, "இனி இந்தப் படி மிதிக்காத" என்று சொன்னதுதான் அவர் மகளிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு அவள் பேரைக்கூட அவர் எடுத்ததில்லை. வடிவு மூன்று தடவை தெரியாமல் போன் பேசினாள். மூன்று தடவையும் சுகந்தி, "அப்பா கூப்பிடட்டும்மா, அன்னைக்கே பஸ் ஏறுதேன்" என்றாள். நாலாவது தடவை பேச வடிவுக்கு வாய் வரவில்லை. ஒரு கறுப்புக் குஞ்சை வாங்கி வந்து, ஐந்தாம் துறையில், புளியமரத்து நிழலில் விட்டாள். அவ ஒரு தரம் வந்து இந்தத் தண்ணியில கால் நனைக்கணும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அந்த மீன் முதல் வருஷம் முழம் ஆனது. மூன்றாம் வருஷம் ஆள் கை நீளம் ஆனது. ஆறாம் வருஷம், அது படிக்கல்லில் இடம் கொள்ளாமல் கரைக்குள் வளை தோண்டி உடம்பை நுழைத்து, தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, குளிக்க வருகிறவர்களைச் சின்னக் கண்ணால் பார்த்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வடிவு எல்லா மீனையும் ஒழுங்காக அளந்து எழுதினாள், தன் மீனுக்கு மட்டும் ஒரு சாண் என்று எழுதினாள். தையற்காரி அளவில் பொய் சொல்வது பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் நிஜ நீளத்தை எழுதினால் அதை ஊர் முழுக்க வாசித்துவிடும், புருஷனும் வாசிப்பார், வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அதை அவளால் தாங்க முடியாது. தளவாய் தினமும் விடியற்காலையில் அதே துறையில் இறங்கி, மீன் இருக்கிற பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து குளித்துவிட்டு, துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு மதகுக்குப் போய்விடுவார். மனுசன் மனசு கல் என்று வடிவு நினைத்தாள். நினைத்து நினைத்து ஆறு வருஷம் அவருக்குச் சோறு போட்டாள்.

புரட்டாசி கடைசியில் கரை கசியத் தொடங்கியது.

இசக்கியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மீன்கள் வளர வளர வளையும் வளர்ந்திருக்கிறது, கரை உள்ளுக்குள் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது, ஐப்பசி மழைக்கு ஓடை நிரம்பினால் கரை உடைந்து முதலில் வயல் போகும், அடுத்து வயலுக்குக் கீழே இருக்கிற கீழத்தெருவின் நாற்பது வீடும் போகும் என்று தளவாய் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"எந்தத் தொற ரொம்ப மோசம் அண்ணாச்சி?" என்று கீழத்தெரு ஆள் ஒருவன் கேட்டான்.

"அஞ்சாந் தொற" என்றார் தளவாய். "ஏழடிக் கம்பு. முழுசா உள்ள போயிட்டு."

ஒரு சாண் என்று நோட்டில் எழுதியிருந்த துறை அது. ஜெபராணி நோட்டைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரும் வடிவின் பக்கம் திரும்பவில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மீனைக் கொல்லலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, பிறத்தியார் நினைப்பில் கைவைக்க யாரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் பூசாரிதான் வழி சொன்னார். "நேர்ச்சைய வாய்விட்டுச் சொன்னா பலிக்காதுல்லா? அப்ப விட்டவங்களே தண்ணில நின்னு சொல்லிருவோம். சொல்லிட்டு, 'போதும் தாயி'ன்னு எறக்கி வச்சிருவோம். மீனு குஞ்சாயிரும். பெறவு டீச்சர் வலையப் போட்டு அள்ளட்டும்." இப்படி ஒரு வழக்கம் அந்த ஊரில் அதுவரை இருந்ததில்லை. அன்று மத்தியானத்துக்குள் அது காலங்காலமாக இருந்த வழக்கம் போலாகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை, காலை வெயிலில், முதல் துறையிலிருந்து தொடங்கினார்கள். ஒவ்வொருவராக முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, ஊர் கேட்கச் சொன்னார்கள். புருஷன் குறட்டை நிற்க வேண்டும் என்றாள் ஒருத்தி, சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பலசரக்குக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "நெசமாவே முதுகு வலிதாம் தாயி" என்றார், அவர் பெண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னுமாடத்தி மகளின் கல்யாணத்தைச் சொல்லிவிட்டு அழுதாள், கரையில் நின்ற மகள், "போதும்மா, ஏறி வா" என்று கை நீட்டினாள். அறுபது வயது சிதம்பரம் மட்டும் முதலில் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார். "தம்பி சாவும்போது அவன்கூட நான் பேச்சுவார்த்தையில இல்ல. ஒரு தரம் கனவுல வந்து அண்ணேன்னு கூப்பிடணும்னு விட்டேன்" என்றார். பிறகு, "போதும் தாயி" என்றார். அவருடைய மீன் எல்லார் கண்ணெதிரே குறைந்து குறைந்து புளியங்கொட்டை அளவாயிற்று. ஜெபராணி சின்ன வலையால் அதை அள்ளி வாளியில் போட்டாள். நினைப்பு இறங்கிய மீன் வெறும் மீன்தான் என்று, வாளி நிறைந்ததும் கொண்டுபோய்த் தென்னை மூட்டில் புதைத்தார்கள்.

ஐந்தாம் துறை கடைசிக்கு வைக்கப்பட்டது. வடிவு இறங்கினாள். தண்ணீர் குளிர்ந்தது. மீன் வளைக்குள்ளிருந்து அவளைப் பார்த்தது.

"எம் மவ சுகந்தி ஒரு தரம் வந்து இந்தத் தண்ணியில கால் நனைக்கணும்னு விட்டேன்" என்றாள். "போதும் தாயி. அவ எங்கயோ நல்லாருக்கா. அது போதும்."

சொல்வதற்கு முந்தின நாள் முழுக்க அவள் அதற்காகத் தன்னைத் தயார் பண்ணியிருந்தாள். மாட்டுக்குக் கயிற்றை அவிழ்த்துவிடுவது போலத்தான், விட்டுவிட வேண்டும் என்று மனதுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தாள். நிஜமாகவே விட்டாள். ஆறு வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது அவளுக்குத் தெரிந்தது. இறங்கியதும் உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்ததும் தெரிந்தது, அதற்குப் பாரமே தேவலை என்று தோன்றியது.

மீன் குறையத் தொடங்கியது. ஏழடி ஆறானது, ஐந்தானது, நாலானது. மூன்றரையில் நின்றுவிட்டது.

ஊர் காத்துக்கொண்டு நின்றது. மீன் அசையவில்லை. "இன்னொரு தரம் சொல்லு தாயி" என்றார் பூசாரி. வடிவு சொன்னாள். மூன்றாம் தரமும் சொன்னாள். முடிச்சுக் கயிற்றை நீட்டிப் பார்த்த ஜெபராணி, "அப்படியேதான் இருக்கு அக்கா" என்றாள்.

"மனசு வச்சிச் சொல்லணும் மைனி" என்றான் கீழத்தெருக்காரன். அவனுக்குக் கைக்குழந்தை உண்டு, வீடு கரைக்கு நேர் கீழே. "நாங்கல்லாம் எறக்கி வைக்கலியா? உங்க ஒரு மீனுக்காவ எங்க பிள்ளைங்க தண்ணில போவணுமா?"

"நான் எறக்கிட்டேன் தம்பி. சத்தியமா எறக்கிட்டேன்."

"அப்ப அது யாரு மீனு?"

அளவில் பொய் சொன்னவள் பேச்சை யார் நம்புவார்கள். ஈரச் சேலையோடு வீட்டுக்கு வந்தாள். மலைமேல் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. அன்று தளவாய் சாப்பிட்டார், கை கழுவினார், துண்டை உதறி விரித்துப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் அவள் முடிச்சுக் கயிற்றை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனாள். தளவாய் குளித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல மீனுக்கு முதுகைக் காட்டி, கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். வடிவு புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டாள். மூன்றரை அடி மீன் வளையிலிருந்து முழுக்க வெளியே வந்து, தண்ணீருக்குள் ஊர்ந்து போய், அவர் உட்கார்ந்திருந்த படிக்குக் கீழே, அவருடைய குதிகாலில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. காலை அசைக்காமல், மற்ற எல்லாவற்றையும் கழுவினார். தினமும் இப்படித்தான் குளிக்கிறார் என்பது அவர் உட்கார்ந்திருந்த பழக்கத்திலேயே தெரிந்தது.

வடிவு இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். "இது உங்க மீனு" என்றாள்.

"நான் ஒரு மீனையும் விடல."

"விட்டது நாந்தான். பாதி எனக்கு வளந்துருக்கு. பாதி உங்களுக்கு வளந்துருக்கு." அதற்கு மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. "ஆறு வருசம்! ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கக்கூடாதா? உங்க நெஞ்சு கல்லுன்னு நெனச்சிக்கிட்டே உங்களுக்குச் சோறு போட்டேன். அந்தப் பாவத்த நான் எங்க கொண்டு தொலைக்க?"

தளவாய் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "படி மிதிக்காதன்னு சொன்னது நானு. அத விழுங்க எனக்குத் தெரியல" என்றார்.

"அப்பம் எறக்கி வைங்க. நான் வைக்கலியா? கரைக்குக் கீழ பச்சப்புள்ள கெடக்கு."

அவர் எழுந்து நின்றார். கை கூப்பினார். "எம் மவ" என்று ஆரம்பித்தார். "எம் மவ வேண்டாம்..." என்றார், அதற்குமேல் வாய் வரவில்லை. குதிகாலில் ஒட்டியிருந்த மீன், அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நாலடியானது, நாலரையானது, வால் போய் அடுத்த படியில் இடித்தது. தளவாய் கூப்பிய கையை இறக்கிவிட்டார். ஐம்பத்தேழு வயது மனுஷன், மலையிலிருந்து வருகிற வெள்ளத்தை ஒற்றை ஆளாய் மதகில் நின்று தடுத்தவர், தண்ணீருக்குள் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். "முடியலட்டி. என்னால முடியல" என்றார். வடிவு படியில் கிடந்த அவர் துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்தாள்.

"அப்பம் இன்னொரு வழிதான் இருக்கு" என்றாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். "நம்பர் வீட்டுல காலண்டருக்குப் பின்னால எழுதிவச்சிருக்கேன். போயி எடுத்துட்டு வாரேன், இங்கயே நில்லுங்க."

அவள் இரண்டு படி ஏறியிருப்பாள். பின்னாலிருந்து தளவாய் எண்களைச் சொல்ல ஆரம்பித்தார். தண்ணீரைப் பார்த்தபடியே, தினமும் சொல்கிறவர் மாதிரி தடங்கலில்லாமல், பத்து எண்ணையும் சொன்னார்.

வடிவு போனில் அடித்து அவர் கையில் கொடுத்தாள். நாலு தரம் மணி அடித்த பிறகு எடுக்கப்பட்டது. "ஹலோ, யம்மா?" என்றாள் சுகந்தி. இந்தப் பக்கம் மூச்சு மட்டும் போனது. "யம்மா? என்னம்மா, பேசு." பிறகு, "யப்பா?" என்றாள்.

"ஓடைல தண்ணி நல்லா வருது" என்றார் தளவாய். "வந்து காலு நனைச்சிட்டுப் போயேன்."

சுகந்தி வந்து சேர இன்னும் ஒரு நாள் ஆகும். மீன் அதற்குக் காத்திருக்கவில்லை. அவர் குதிகாலை விட்டு வாயை எடுத்தது. முழமாகி, சாணாகி, விரலாகி, படிக்கல்லில் ஒரு புளியங்கொட்டையாய் ஒட்டி நின்றது. அன்று காலையிலேயே ஜெபராணி அதையும் அள்ளினாள். வடிவு நோட்டை வாங்கி, போன வாரக் கட்டத்தில் இருந்த ஒரு சாணை அடித்துவிட்டு ஏழடி என்று எழுதினாள், பக்கத்தில் தன் பேரைக் கையெழுத்தாகவும் போட்டாள். தலைப்பு இல்லாத கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று ஜெபராணி கேட்டாள். "ரெண்டு பேருன்னு எழுதுங்க டீச்சர்" என்றாள் வடிவு.

அன்றும் மறுநாளும் ஊர் முழுக்கக் கரையில் நின்றது. களிமண்ணும் வைக்கோலும் மிதித்து வளைகளுக்குள் திணித்தார்கள், பனைமட்டை அடித்து முட்டுக் கொடுத்தார்கள். கீழத்தெருக்காரன் வடிவின் கையிலிருந்து மண்சட்டியை வாங்கிக்கொண்டு, "மனசுல வச்சிக்கிடாதிய மைனி" என்றான். வேலை முடியுமுன்னே தூற்றல் போட்டது.

சுகந்தி மழையில் வந்து இறங்கினாள், இடுப்பில் மூன்று வயதுப் பெண், பின்னால் பையைச் சுமந்துகொண்டு அவள் புருஷன். வீட்டுக்குள் நுழையாமல் நேராகத் துறைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தாள். வடிவு குடையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஆறு வருஷமாக இதைத்தான் கேட்டிருந்தாள், ஆனால் கேட்டதை விட்டுவிட்ட பிறகு அது வந்ததால், யாரோ இன்னொருத்தி மகளைப் பார்ப்பது போலச் சற்று நேரம் நின்றாள். அப்போது சுகந்தி, "தண்ணி என்னம்மா இம்புட்டு குளுருது" என்று காலை உதறினாள். சின்னப் பிள்ளையில் உதறுகிற அதே உதறல். வடிவு குடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவர்கள் நாலு நாள் இருந்தார்கள். நாலு நாளும் மழை. ஓடை கரை தொட்டு ஓடியது, இரண்டு இடத்தில் கசிந்தது, உடையவில்லை. தளவாய் பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு மதகில் நின்றார். மருமகனிடம் அவர் பேசியது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும், அதில் மூன்று சாப்பாட்டைப் பற்றி.

அவர்கள் பஸ் ஏறிப் போன வாரம் மழை வெறித்தது. ஓடையில் கறுப்பு மீன் ஒன்றுகூட இல்லை. செவ்வாய்க்கிழமை வடிவு பழக்கத்தில் பலகையை எடுத்துக்கொண்டு ஏழு துறையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஆறு துறையும் வெறும் தண்ணீர். ஐந்தாம் துறையில், புளியமரத்து நிழலில், யாரும் விடாத ஒரு கெண்டைக்குஞ்சு, வெள்ளத்தோடு போகாமல், படிக்கல்லுக்குப் பக்கத்திலேயே துடுப்பை அசைத்துக்கொண்டு நின்றது. அவள் அதைப் பலகையில் கிடத்தி அளந்தாள், மெதுவாகத் தண்ணீரில் விட்டாள், நோட்டில் எழுதினாள்.

சாயங்காலம் தளவாய் மதகிலிருந்து வந்தார். சோறு போட்டாள். சாப்பிட்டார், எழுந்து கை கழுவினார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே கதவருகில் நின்றவர், திரும்பவில்லை.

"இன்னைக்கு அளந்தியா?" என்றார்.

"அளந்தேன்."

"எவ்வளவு இருக்கு?"